பொதுப் பெட்டி

நோய்க்கு நாள் தெரியாது; கோள் தெரியாது; சம்பளத் தேதி எது என்பதும் தெரியாது. மாளிகையிலும் நுழைகிறது, மண்குடிசையிலும் நுழைகிறது. ஆனால், நுழைந்த பிறகு அது நடத்தும் நாடகம் இரு வீட்டிலும் ஒன்றல்ல. மாளிகையில் ஒரு மனிதனைப் படுக்க வைக்கிறது. குடிசையிலோ குடும்பத்தையே படுக்க வைத்துவிடுகிறது. மருந்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். வேலைக்குப் போகவோ உடல் இடம் தராது. இந்த வலையிலே சிக்கியவனைப் பார்த்து நம் நாட்டார் நெடுங்காலம் சொல்லி வந்த ஆறுதல் ஒரே ஒரு சொல்: விதி!

விதி என்று சொல்லிவிட்டால் சிந்திக்க வேண்டியதில்லை, செலவழிக்க வேண்டியதுமில்லை. எவரும் பொறுப்பாளி இல்லை. ஆகவேதான் அந்தச் சொல் ஆள்வோர்க்கும் இனித்தது, ஆலை அதிபர்க்கும் இனித்தது. அந்தச் சொல்லை அகற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு கணக்கை வைத்த வரலாற்றையே இங்கு காணப் போகிறோம். கடல் கடந்து வந்து, நம் அம்பத்தூர் வரை நடந்து, அங்கேயே பாதி வழியில் நின்றுவிட்ட கணக்கு அது.

கணக்கு மிக எளிது. ஆயிரம் பேரில் அடுத்த ஆண்டு நோயுறப் போகிறவர் யார் என்பதை எந்தச் சோதிடனாலும் சொல்ல முடியாது. ஆனால், ஆயிரம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் நோயுறுவர் என்பதைப் பழைய ஆண்டுகளின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் புள்ளிவிவரம் அறிந்தவர் சொல்லிவிடுவார். தனி மனிதனுக்கு எதிர்பாராத இடியாக விழுவது, ஒரு கூட்டத்துக்கு எதிர்பார்த்த செலவாக மாறிவிடுகிறது. எதிர்பார்த்த செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கலாம் அல்லவா? ஆயிரம் பேரும் உடல் நலத்தோடு இருக்கும்போதே, தத்தம் வருவாய்க்கு ஏற்ற சிறு பங்கைப் பொதுப் பெட்டியிலே இடுகிறார்கள். நோயுற்றவர், தம் தேவைக்கு ஏற்ப அதிலிருந்து பெறுகிறார். இடும்போது வருவாய் அளவுகோல். எடுக்கும்போது நோய் அளவுகோல். இங்கே கொடுக்கின்ற கை மேலும் இல்லை, வாங்குகின்ற கை தாழ்வும் இல்லை. இது தருமம் அல்ல, உரிமை.

பெட்டி எவ்வளவு பெரிதோ, கணக்கு அவ்வளவு உறுதி. பத்துப் பேர் சேர்ந்த பெட்டி, இருவர்க்குப் புற்றுநோய் கண்டால் காலியாகிவிடும். நாடே சேர்ந்த பெட்டி அசையாது. ஆனால் ஒன்று: இளைஞரும் நலமுள்ளோரும் வசதி படைத்தோரும் விலகி நிற்க, முதியோரும் நோயாளரும் ஏழைகளும் மட்டுமே சேர்ந்த பெட்டி, பெயரளவில்தான் பெட்டி. எனவேதான் அறிஞர் பலர், நாட்டு மக்கள் அனைவர்க்கும் பெட்டி ஒன்றே இருக்கட்டும், மருத்துவர்க்கும் மருத்துவமனைக்கும் பணம் கொடுக்கும் கையும் ஒன்றே இருக்கட்டும் என்றனர். ஒற்றைப் பெட்டி முறை என்று நாம் அதை அழைப்போம்.

செருமனியில் 1883 ஆம் ஆண்டு இக்கணக்கு நாட்டுச் சட்டமாயிற்று. கொணர்ந்தவர் பிசுமார்க்கு. அவர் தொழிலாளரின் தோழரா? அல்லர்! சமதர்மம் பேசியோரை அடக்கச் சட்டம் இயற்றிய இரும்புக் கரத்தார். தொழிலாளர் அனைவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவரோ என்ற அச்சமே அவரை இந்தச் சட்டத்தின் பக்கம் தள்ளிற்று. தொழிலாளி இரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் இட்டனர். 1911 இல் இங்கிலாந்தில் லாயிட் சார்சு கொணர்ந்த சட்டம் அரசையும் பங்காளி ஆக்கிற்று. ஆண் தொழிலாளி ஒருவனுக்காக வாரந்தோறும் அவன் 4 பென்சு, முதலாளி 3 பென்சு, அரசு 2 பென்சு செலுத்த வேண்டும் என்றது. 1942 இல் பெவரிட்சு அறிக்கை வந்தது. 1948 சூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி பிறந்தது. அதைப் படைத்த அமைச்சர் அனெயுரின் பெவன், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அவர் பிறந்த திரெடீகர் ஊரில், தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்துத் தமக்கென மருத்துவர் வைத்துக்கொண்ட சங்கம் ஒன்று இருந்தது. ஓர் ஊரின் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர், அதை ஒரு நாட்டின் பெட்டியாக்கினார். பெரும்பகுதியைப் பொது வரியாலேயே நிரப்பினார்.

இந்தியாவில் நிலைமை என்ன? 1923 இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1934 இல் மகப்பேற்று உதவிச் சட்டமும் இயற்றப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. உதவித் தொகையை அந்தந்த முதலாளியே தன் பையிலிருந்து தரவேண்டும். தன் பையிலிருந்து தரவேண்டியவன் என்ன செய்வான்? கருவுற்ற பெண்ணை வேலையிலிருந்து நீக்குவான். மணமான பெண்ணைச் சேர்க்கவே தயங்குவான். விபத்து நேர்ந்தால் வழக்கு மன்றத்தில் வாதாடுவான். உரிமை ஏட்டில் இருக்கும். தொழிலாளி தெருவில் இருப்பாள். பொறுப்பைத் தனி மனிதன் தலையில் வைத்தால் அவன் அதைத் தட்டிக்கழிப்பான். பொதுப் பெட்டியின் தலையில் வைத்தால் தட்டிக்கழிப்பதில் அவனுக்கு ஆதாயம் இல்லை. இப்பாடத்தைக் கற்க நம் நாட்டுக்கு நெடுநாள் ஆயிற்று.

1931 இல் அறிக்கை தந்த அரசாங்கத் தொழிலாளர் ஆணையம், நோய்க் காப்பீடு வேண்டும் என்றது. ஏடு மேசையிலே உறங்கிற்று. உலகப் போர் நடுவே, 1943 இல், திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்க்கரிடம் தரப்பட்டது. அவர் அறிக்கை தந்தது 1944 இல். அந்நாளில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் யார்? அண்ணல் அம்பேத்கர்! 1942 முதல் 1946 வரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. அடார்க்கர் வரைந்த கோட்டின் மீதுதான் 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் எழுந்தது. நம் தொழிலாளர் நாவில் அது மூன்றெழுத்து: இ.எஸ்.ஐ.

சட்டம் வந்ததும் சங்கடமும் வந்தது. முதலில் கான்பூரில் தொடங்குவோம் என்றது அரசு. அவ்வூர் ஆலை அதிபர்கள் கேட்டனர்: "நாங்கள் மட்டும் பங்கு கட்ட, மற்ற ஊர் ஆலைகள் கட்டாமலிருந்தால், எங்கள் சரக்கு மட்டும் விலை ஏறாதா? சந்தையில் எங்கள் கதி என்ன?" கேள்வி தன்னலத்தில் பிறந்ததுதான். ஆயினும் விடை பொதுநலத்தில் முடிந்தது. 1951 இல் சட்டத்தைத் திருத்தினர். திட்டம் தொடங்கிய ஊராயினும் தொடங்காத ஊராயினும், நாடெங்கும் சட்டத்துக்கு உட்பட்ட முதலாளிகள் அனைவரும் சிறப்புப் பங்கு செலுத்த வேண்டும். தொடங்கிய ஊரில் சற்றுக் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்று வகுத்தனர். அனைவரும் சேர்ந்தால் எவர்க்கும் இழப்பில்லை என்பதை ஆலை அதிபரின் வாயே மெய்ப்பித்துவிட்டது! 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும், ஏறத்தாழ 1,20,000 தொழிலாளரோடு திட்டம் தொடங்கிற்று.

1955 சனவரி. ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடியது. சமதர்ம பாணிச் சமுதாயமே நம் குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றியது. அதே சனவரியில் கோவை நெசவாலைத் தொழிலாளரிடம் இ.எஸ்.ஐ. வந்தது, பின்னர் சென்னைக்கும் வந்தது. தீர்மானம் மேடையிலே ஒலித்தது. பெட்டியோ ஆலை வாயிலிலே திறந்தது. மேடையின் ஒலி அடங்கிவிட்டது. பெட்டி இன்றும் இருக்கிறது. எது சமுதாயத்தைச் சற்றேனும் மாற்றிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் மேற்குப் புறநகர் அப்போதுதான் உருமாறத் தொடங்கியிருந்தது. அம்பத்தூரில் 1949 இல் டி.ஐ. சைக்கிள் ஆலை, 1959 இல் டன்லப் டயர் ஆலை, அறுபதுகளில் பாடியிலே டி.வி.எஸ். குழும ஆலைகள், 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஆவடியில் எழுந்த கனரக ஊர்தி ஆலையிலிருந்து 1965 இறுதியில் முதல் விசயந்தா டாங்கி வெளிவந்தது. ஏரும் ஏரியும் இருந்த ஊர்களில் எந்திரம் வந்தது. பூவிருந்தவல்லிச் சாலையிலே மாட்டு வண்டிகள் குறைந்து, மூன்று வேளை முறை மாறும் தொழிலாளர் கூட்டம் பெருகியது. எந்திரம் வந்தால் காயமும் வரும். புகை வந்தால் நெஞ்சு நோயும் வரும். அந்தக் கூட்டத்துக்கு ஆலை தந்த கூலியைவிடப் பெரிய பாதுகாப்பாக இ.எஸ்.ஐ. அட்டை விளங்கிற்று. மருத்துவம் தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. பின்னரே அது அவன் குடும்பத்துக்கும் விரிந்தது.

பெட்டி எப்படி நிரம்புகிறது? பள்ளியிலே சிறுவர்க்குச் சதவிகிதம் சொல்லித்தரும் நாம், அந்தக் கணக்கையே இங்கும் போடுவோம். 2019 சூலையில் வகுத்த விகிதப்படி, தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் செலுத்த வேண்டும். மாதம் 20,000 ரூபாய் பெறுபவர்க்கு அவர் பங்கு 150; முதலாளி பங்கு 650; ஆக மொத்தம் 800. மாதம் 12,000 பெறுபவர்க்கு 90 உம் 390 உம் சேர்ந்து 480. மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்பது நெடுங்கால ஏற்பாடு. 480 இட்டவர்க்கும் 800 இட்டவர்க்கும் அயனாவரம் மருத்துவமனையிலே கட்டில் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். 480 இட்டவர் மனைவிக்கு இதய அறுவை தேவைப்பட்டால், "உன் பங்கு குறைவு, பாதி அறுவைதான் செய்வோம்" என்று எவரும் சொல்வதில்லை.

மருத்துவத்தோடு பெட்டி மூடிக்கொள்வதுமில்லை. நோயினால் வேலைக்குச் செல்ல இயலாத தொழிலாளிக்கு, குறிப்பிட்ட நாள்கள் பங்கு செலுத்தியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கிறது. மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையிலே உடல் ஊனமுற்றாலோ உயிரே போனாலோ கூலியில் நூற்றுக்கு 90 ஐ அளவாகக் கொண்டு உதவி. மருந்து, கூலி இரண்டையும் ஒரு சேரக் காப்பது இதன் தனிச் சிறப்பு. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள், வயது ஏற ஏற கட்டணத்தையும் ஏற்றுகின்றன. இங்கே வயது ஏறினாலும் விகிதம் ஏறுவதில்லை.

இத்தனை நல்லது செய்யும் பெட்டியை நாட்டுக்கே பெட்டி ஆக்கினார்களா? இல்லை. சுற்றிலும் மூன்று சுவர்கள் எழுப்பினார்கள்.

முதற்சுவர் எண்ணிக்கை. மின்விசை கொண்ட ஆலையில் 20 பேர் இருந்தால்தான் சட்டம் எட்டிப் பார்க்கும் என்றிருந்தது. 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பத்தாகக் குறைத்தது. 1948 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தப் பத்தையே வைத்துக்கொண்டது. ஆபத்தான தொழிலெனில் ஒருவர் இருப்பினும் அரசு அறிவிக்கலாம். பத்துக்குக் குறைந்த நிறுவனம், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் விரும்பினால் சேரலாம் என்கிறது. விரும்பினால்! பங்கு கட்ட வேண்டிய முதலாளி விரும்பினால்! தொழிற்பேட்டையின் உட்தெருக்களிலே, ஒரு கடைசல் எந்திரமும் இரண்டு அழுத்து எந்திரமும் வைத்து ஒன்பது பேர் உழைக்கும் கொட்டகைகள் எத்தனை! விரல் நசுங்கினால் வலி ஒன்பது பேர் கொட்டகையில் குறைவாக இருக்குமா?

இரண்டாம் சுவர் கூலி. 1948 இல் மாதம் 400 ரூபாய்க்கு மேல் பெற்றவர்க்கு இடமில்லை என்றனர். அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 2010 இல் 15,000 ஆயிற்று. 2017 சனவரியில் 21,000 ஆயிற்று. வரம்பைத் தாண்டிக் கூலி உயர்ந்தவர், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை நீடிப்பார், பிறகு வெளியே. பதினைந்து ஆண்டு பங்கு கட்டியவரை, முதுகு வலியும் சர்க்கரையும் தலைகாட்டும் வயதிலே, "உனக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டது, போய் வா" என்று அனுப்புவது எந்த நீதி? அவர்க்குக் கேடு ஒரு புறம். பெட்டிக்குக் கேடு மறுபுறம். நூற்றுக்கு நான்கு வீதம் மிகுதியாக இடக்கூடியவரை வெளியேற்றிவிட்டு, பெட்டி வற்றுகிறதே என்று வருந்துவது, வாய்க்காலை அடைத்துவிட்டு வயலைப் பார்த்து அழுவது போன்றது.

மூன்றாம் சுவர் தனித்தனிப் பெட்டிகள். இரயில்வேத் தொழிலாளர்க்கு ஒரு மருத்துவமனை, மத்திய அரசு ஊழியர்க்கு 1954 இல் தொடங்கிய ஒரு திட்டம், படைத்துறை ஆலைகளுக்கு ஒன்று, வறியவர்க்கு வேறொன்று. தமிழ்நாட்டில் 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. ஏழைக் குடும்பங்களுக்கான காப்பீட்டுக் கட்டணத்தை அரசே செலுத்தியது. ஏழையும் பெரிய மருத்துவமனைப் படியேறிப் பெரிய அறுவை பெற வழி திறந்தது. இது மிகப் பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் வருவாய் வரம்பு உண்டு. 2021 இறுதியில் அது ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இப்போது அந்த ஒன்பது பேர் கொட்டகைக்குத் திரும்புவோம். அங்கே மாதம் 13,000 பெறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் இல்லை என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை. ஆண்டு வருவாய் 1,56,000 என்பதால் ஏழை என்றும் ஏற்கப்படமாட்டார். தொழிலாளி என்ற கணக்கிலும் வரவில்லை, ஏழை என்ற கணக்கிலும் வரவில்லை! அரசு மருத்துவமனையின் கதவு அவர்க்கும் திறந்தே இருக்கிறது. அது தமிழ்நாட்டின் பெருமை. ஆனால், மூன்று மாதம் படுத்துவிட்டால் வாடகை யார் தருவார்? பிள்ளையின் படிப்பு யார் பார்ப்பார்? இரண்டு சுவர்களுக்கு இடையிலே நிற்கிறார் அவர். அவரைப் போன்றோர் நம் வகுப்பறைப் பிள்ளைகள் பலரின் தந்தையர்.

சுவரை இடிக்க முடியுமா? முடிந்ததென்று காட்டுகின்றன பிற நாடுகள். தென் கொரியாவைப் பாருங்கள். நாம் கான்பூரில் தொடங்கி 25 ஆண்டு கழிந்த பின், 1977 இல்தான், 500 பேருக்கு மேல் உழைக்கும் பெரிய ஆலைகளில் அங்கே கட்டாயக் காப்பீடு தொடங்கிற்று. 1979 இல் அரசு ஊழியரும் ஆசிரியரும் சேர்ந்தனர். எண்ணிக்கைச் சுவரைப் படிப்படியாகத் தாழ்த்தி, 1989 இல் உழவர், சிறு வணிகர் உட்பட அனைவரையும் சேர்த்துவிட்டனர். பன்னிரண்டே ஆண்டு! 2000 ஆவது ஆண்டில், சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒன்றாகக் கொட்டினர். தைவானில் தொழிலாளர்க்கு ஒன்று, அரசு ஊழியர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று என நம்மைப் போலவே பிரிந்து கிடந்தன. 1995 மார்ச்சு 1 அன்று அனைத்தையும் இணைத்து ஒற்றைப் பெட்டி ஆக்கினர். தனியார் ஊழியரின் கட்டணத்தில் அவர் நூற்றுக்கு 30, முதலாளி 60, அரசு 10 என்று பங்கிட்டனர். வறியவர் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்றது.

கனடாவில் சாசுகாட்சுவான் மாகாணம் 1947 இல் மருத்துவமனைச் செலவுக்கும், 1962 சூலை 1 அன்று மருத்துவர் கட்டணத்துக்கும் பொதுப் பெட்டி வைத்தது. மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு பொதுப் பெட்டியைக் கைவிடவில்லை. 1966 இல் கனடா நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. மாகாணங்களின் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்றது. அங்கே மருத்துவர் பெரும்பாலோர் அரசு ஊழியரல்லர், தனித்தொழில் செய்பவரே. ஆயினும் சட்டம் ஏற்ற மருத்துவத்துக்கு அவர் சீட்டு அனுப்ப வேண்டிய இடம் அரசின் பெட்டி ஒன்றே. நோயாளியிடம் கை நீட்டக் கூடாது.

"பணம் எங்கே?" என்று கேட்பார் உண்டு. பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, தோழர்காள்! தாலியை அடகு வைத்த பணமாக, வட்டிக்கு வாங்கிய பணமாக, நோய் வந்த பின் செலவாகிறது. அதை நோய் வருமுன், சிறிது சிறிதாக, அவரவர் ஆற்றலுக்கு ஏற்பச் சேர்க்கச் சொல்கிறோம். கூலி பெறுவோர்க்குக் கூலியிலிருந்தும் முதலாளியிடமிருந்தும் பங்கு வரும். காய்கறி விற்கும் அம்மையார்க்கும் தினக்கூலி பெறும் கொத்தனார்க்கும் பொது வரியிலிருந்து வர வேண்டும். அவர்கள் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி செலுத்திக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

வாங்கும் கை ஒன்றானால் விலையும் பணியும். இதற்கு வெளிநாடு போக வேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் தோன்றி, அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கத் தொடங்கியது. தனித்தனியே வாங்கினால் விற்பவன் விலை சொல்வான். ஒருசேர வாங்கினால் வாங்குபவன் விலை சொல்வான். பல மாநிலங்கள் இம்முறையைப் பார்த்துப் பின்பற்றின.

பொதுப் பெட்டி என்றால் வரிசை நீளும், ஊழியர் குறைவர், மருந்து தீரும் என்பதும் எதிர்ப்போர் வாதம். இக்குறைகள் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், குறையைத் தீர்க்க வேண்டியவர் யார்? வசதியுள்ளோர் வேறு வாயிலில் நுழையும் வரை இந்த வாயிலின் வரிசை எவர் கண்ணுக்கும் தெரியாது. அமைச்சரின் அண்ணனும் ஆலை மேலாளரும் அதே வரிசையில் நிற்கட்டும். வரிசை தானே குறையும்! 2019 இல் முதலாளி பங்கை நாலேமுக்காலிலிருந்து மூன்றேகாலாகவும், தொழிலாளி பங்கை ஒன்றேமுக்காலிலிருந்து முக்காலாகவும் குறைத்தனர். தொழிலாளி கையில் சில ரூபாய் மிஞ்சியது உண்மை. ஆனால் அதனினும் பெரிய தொகை முதலாளி கையில் மிஞ்சிற்று. ஒன்பது பேர் கொட்டகைகளை உள்ளே சேர்க்கவும், மருத்துவரைக் கூட்டவும் பயன்பட்டிருக்க வேண்டிய பணமன்றோ அது?

இளைஞர்களே! உங்கள் தெருவில் இருந்தே தொடங்குங்கள். உழைக்கும் அண்ணனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்த பங்கு அவர் காப்பீட்டு எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்தாவது ஆளின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டு, ஒன்பது என்று கணக்குக் காட்டும் கொட்டகை உண்டா என்று விசாரியுங்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். அதோடு நின்றுவிடாமல், எண்ணிக்கைச் சுவரும் கூலிச் சுவரும் எதற்கு என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். கான்பூர் ஆலை அதிபர் தம் நலத்துக்காகச் சொன்னதை நாம் நாட்டு நலத்துக்காகச் சொல்வோம்: சேர்ந்தால் அனைவரும் சேர வேண்டும்; பெட்டி ஒன்றாக வேண்டும்.